மருந்து அடிக்காத பாத்தி

என் அமுதக்கண்ணே,

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இப்போது தனியாகத்தான் ரயிலில் போய் வருகிறேன். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட ஆளில்லை. சீட்டு கிடைத்தாலும் உட்காரப் பிடிக்கவில்லை.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன மாதத்தில், கெடார் வயலில் உன் மல்லாட்டை, நீ நோட்டில் நிலக்கடலை என்று எழுதிய பயிர், பூ விட்டிருந்தது. உன் இலைச்சாறு இலைப்புள்ளி நோயைத் தடுக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், பக்கத்திலேயே எந்த மருந்தும் படாத பாத்தி ஒன்று நோயோடு நிற்க வேண்டும். அதை நிலத்துக்காரர் வீட்டு சரோஜாக்காவுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! காரியம் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது எல்லாப் பாத்தியும் பச்சைப்பசேல் என்று இருந்தது. மருந்து படக்கூடாத பாத்தியில்கூட ஒரு புள்ளி இல்லை.

"என்னாக்கா பண்ணீங்க?"

"நோவு புடிச்சி நிக்குதே கண்ணு, பாத்துக்கினு சும்மா இருக்க முடியுமா? கடையில மருந்து வாங்கியாந்து எல்லாத்துக்கும் அடிச்சிட்டோம். அவளத்தான் காப்பாத்த முடியல. அவ வச்ச பயிராவது நல்லா இருக்கட்டும்."

கோபப்பட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் என்னைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார். உன் ஒரு போக உழைப்பு போய்விட்டது என்று அந்த மனுஷியிடம் எந்த வாயால் சொல்வேன்?

நம் கூட்டு பிஎச்.டி. ஏற்பாடு உனக்குத் தெரியாததா? நீ வயலில், நான் ஆய்வகத்தில். பிறகு இருவரும் ஜெர்மனியில் ஆறு மாதம். இப்போது வயல் கணக்கு இல்லையென்றால் கட்டுரையில் என் ஆய்வகப் பகுதி மட்டும்தான் மிஞ்சும், உன் பெயர் எங்கேயும் இருக்காது. நான் இங்கேயே தங்கி மறுபடி விதைத்தால், அங்கே என் இடம் போய்விடும். கல்லூரியில், "நீயாவது முடிச்சிக்கினு போம்மா" என்றார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் வலித்தது.

அங்குள்ள நம் கைடு அம்மாவிடம் வீடியோவில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, இங்கிருந்துதான் ஜெர்மனிக்கு ஆள் போக வேண்டும் என்று யார் சொன்னது, அங்கிருந்து இங்கே வரக் கூடாதா என்று கேட்டார். தன்னிடம் ஆய்வு செய்யும் லேனா என்ற பெண்ணைக் கெடாருக்கு அனுப்பிவிட்டார்.

மார்கழியில் மறுபடி விதைத்தோம். லேனா வெயிலில் தக்காளியாகச் சிவந்து போய், பாத்திக்குப் பாத்தி குனிந்து இலை பார்க்கிறாள். சரோஜாக்கா அவளைச் சும்மா விடுவதில்லை. "எலும்பும் தோலுமா கீற, இன்னும் ஒரு தோசை துண்ணு" என்று தமிழிலேயே அதட்டுகிறார். அவளும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுத் தின்கிறாள்.

போன வாரம் மருந்து படாத பாத்தியில் புள்ளி விழுந்துவிட்டது. சரோஜாக்காவின் வீட்டுக்காரர் ஸ்பிரேயரோடு அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், "அப்பால போய்யா ஜல்தி, அது நம்மள வுட்டுப் போன பொண்ணுது" என்று அக்கா அவரை விரட்டினார். விரட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோய்ப்பட்ட இலையைப் பார்க்க அவருக்கு இன்னும் மனசு வரவில்லை. எனக்கு மட்டும் வருகிறதா?

நான் அடுத்த வாரம் கிளம்புகிறேன். நாம் சேர்ந்து போவதாக இருந்த ஊருக்குத் தனியாகப் போகிறேன். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று யாரிடம் புலம்புவேன்?

கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையதுதான். கைடு அம்மாவும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் காலமானவர் பெயருக்கு மேல் சின்னதாகச் சிலுவை போல ஒரு குறி போடுவார்களாம். உன் அம்மா உன் பெயரைத் தடவிப் பார்ப்பார். இது என்ன என்று அந்தக் குறியைக் காட்டிக் கேட்பார். போனில் சொல்ல மாட்டேன், வேறு யாரையும் சொல்ல விட மாட்டேன். ஊருக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானே சொல்வேன்.

நாலு மாதம் மூத்தவள் என்ற உரிமையில்,
உன் அக்கா
பரிமளா