ஐந்தாம் ட்ராக்

2 ஜூன், செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பாலத்தில் ஜாம். ஜுரு ஃபேக்டரிக்குப் போய்ச் சேர ஏழே முக்கால், சூப்பர்வைசருக்கு மூஞ்சி சரியில்லை.

மத்தியானம் சிவா அண்ணன் போன். எங்கள் இசைக்குழுவை நடத்துவதும் அவர்தான், தபேலாவும் அவர்தான்.

"ரீத்தா, சனிக்கிழமை ஷோவுக்கு குணா வரான். பெர்த்லேருந்து. ஒரே ஷோ, பாடிட்டு செவ்வாக்கிழம காலையில ஃப்ளைட். ரெக்கார்டிங் நீதான் லா."

சரி அண்ணே என்றேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. அப்புறம் கேன்டீனில் காப்பிக்கு இரண்டு தடவை சீனி போட்டேன்.

ஏழு வருஷம். அங்கே அவனுக்குக் கல்யாணம் ஆனது, முறிந்தது. இரண்டையும் அடுத்தவர் சொல்லித்தான் தெரியும்.

4 ஜூன், வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. ரெக்கார்டரை மேசையில் வைத்துத் துடைத்தேன். கார்டு ஃபார்மட். தேதி தப்பாக இருந்தது, திருத்தினேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எட்டு ட்ராக்:

1, 2 – தபேலா
3 – புல்லாங்குழல்
4 – வயலின்
5 – குணா
6, 7 – கீபோர்டு
8 – சபைக்கு ஒரு மைக், கைதட்டலுக்கு

ஐந்து முதலிலேயே எழுதியாகிவிட்டது, மற்றதெல்லாம் அதைச் சுற்றி. யார் பார்க்கப் போகிறார்கள்.

மண்டபத்து மிக்ஸர்காரர் பாட்டு முடிந்ததும் மைக்கை மூடுவார், அடுத்த பாட்டுக்குத் திறக்க மறப்பார். போன முறை ஒரு பல்லவியே போய்விட்டது. அதனால் இந்த முறை மிக்ஸருக்குள் நுழைகிற இடத்திலேயே ஒலியை எடுக்கிற மாதிரி வயரிங் திட்டத்தை மாற்றிவிட்டேன். அவர் மூடினாலும் திறந்தாலும் எனக்கு வந்துகொண்டே இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அம்மா எட்டிப் பார்த்து, "அந்தப் பொட்டிய எத்தன தடவடி தொடைப்ப?"

6 ஜூன், சனி

தண்ணீர்மலைப் பக்கத்து மண்டபம். மூன்று மணிக்கே போய்விட்டேன். வயர் எல்லாம் நானே இழுத்தேன். புடவை கட்டிக்கொண்டு போனது சுத்த மடத்தனம்.

நாலரைக்கு வந்தான். தலையில் கொஞ்சம் நரை. அது வேறு அவனுக்கு நன்றாக இருக்கிறது, என்ன செய்ய.

"நல்லாருக்கியா ரீத்தா?"

"ம். மைக்ல பேசு, லெவல் பாக்கணும்."

"என்ன பேச?"

"எதாச்சும்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். பத்திலேயே லெவல் கிடைத்துவிட்டது. போதும் என்று நான் கையைக் காட்டவில்லை. முப்பது வரை எண்ணவிட்டேன்.

ஐந்து மணிக்கு சிவா அண்ணன் ஓடி வந்தார். "ஒய்பி வராராம் லா. அவரு பேச்சையும் எடுக்கணுமாம், கமிட்டி சொல்லுது." தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் வந்தால் பேசாமல் போவாரா? எட்டாவது மைக்கைப் பிடுங்கி அவருக்குக் கொடுத்தேன். கைதட்டல் போச்சு.

மூன்றாவது பாட்டு முடியும்போது ஒய்பி வந்தார். கச்சேரியை நிறுத்திப் பேச்சு. பதினெட்டு நிமிஷம். வாத்தியக்காரர்கள் மேடையிலேயே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குணாவும் சிவா அண்ணனும் தலையைக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் பொன்னாடை. மிஞ்சின ஒன்றை ஒரு கமிட்டிக்காரர் மரியாதையாக ரெக்கார்டருக்கே போர்த்திவிட்டார், மீட்டரெல்லாம் மறைந்தது. எனக்குப் போர்த்தவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை பார்.

அப்புறம் பாடினான். எழுத வரவில்லை.

கிளம்பும்போது, "தேங்ஸ் ரீத்தா." அவ்வளவுதான். நானும், "பாத்து போ." நல்ல ஜோடி.

7 ஜூன், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து தோசை. அம்மா மார்க்கெட்டுக்குப் போனாள். ஹெட்போன் போட்டு ஐந்தாம் ட்ராக்கை மட்டும் திறந்தேன். வாத்தியம் எல்லாம் எங்கோ தூரத்தில். அவன் குரல், மூச்சு, எச்சில் விழுங்குவது. பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. இதற்குத்தானே இத்தனை ஆட்டம்.

மூன்றாவது பாட்டு முடிந்தது. ஒய்பி ஆரம்பித்தார். தாண்டிப் போக விரலை வைத்தேன். அப்போது குணா பேசினான். மிக்ஸரில் மைக்கை மூடியாகிவிட்டது, இனி யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

"ரீத்தா இன்னும் அதே ஃபேக்டரிதானா அண்ணே?"

"அதே ஜுருதான்."

"கல்யாணம்?"

"எங்க? வந்தவனையெல்லாம் வேணான்னுடுச்சு."

தூரத்தில் ஒய்பிக்குக் கைதட்டல்.

"நான் போறப்ப ஏர்போர்ட்டுக்கு வந்துச்சுண்ணே. குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியான்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் சொல்லல. போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கேயே திரும்பியிருப்பேன் லா."

"நீ கேக்க வேண்டியதுதானே?"

"பயம்ணே. இன்னைக்கும்தான்."

மறுபடி கேட்டேன். மறுபடி. அம்மா காய்கறியோடு வந்து நிற்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

முதலில் வந்தது கோபம். மடையன். வேலைக்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி பாயான் லெபாஸ் ஏர்போர்ட் வரைக்கும் ஸ்வெட்டரைப் பற்றி விசாரிக்கவா போனேன்? கோபம் அடங்கியதும் அழுகை வந்தது. எனக்கு அவன் வேண்டும். ஏழு வருஷமாக வேண்டும். இதை எழுதவே இத்தனை நாள்.

திருட்டுத்தனமாகக் கேட்ட மாதிரியும் இருக்கிறது. அவன் எனக்குச் சொன்னதில்லையே.

8 ஜூன், திங்கள்

வயிற்றுவலி என்று டாக்டரிடம் எம்சி வாங்கி லீவு. வெயில் கொளுத்துகிறது.

பத்து மணிக்கு அவனிடமிருந்து மெசேஜ்: "எட்டு ட்ராக்கும் அனுப்பு ரீத்தா. பெர்த்ல நான் மிக்ஸ் பண்ணிக்கிறேன். ஒய்பிய மட்டும் அழிச்சுடு, ப்ளீஸ்."

ஃப்ளைட் நாளை காலை ஒன்பதுக்கு.

ஒய்பியை அழித்தேன். எட்டாம் ட்ராக் முழுக்கக் காலி. ஐந்தாம் ட்ராக்கில் அவர்கள் பேசிக்கொள்கிற இடத்தைப் போட்டு, வெட்டலாமா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டினால் அது பதிவானதே அவனுக்குத் தெரியாது. நானும் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம்.

வெட்டவில்லை.

எட்டில் ஒரு மைக்கைச் சொருகினேன். இத்தனை வருஷத்தில் எந்த ட்ராக்கிலும் என் குரல் இருந்ததில்லை. ஐந்தை ஓடவிட்டேன். "பயம்ணே. இன்னைக்கும்தான்" என்று அவன் சொல்லி முடித்ததும், போகாதே என்று சொன்னேன்.

முதல் தடவை மீட்டர் அசையவே இல்லை. இரண்டாம் தடவை சிவப்பு வரைக்கும் ஏறிவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா, "யாரடி போகாதேங்கற?"

மூன்றாவது எடுக்கவில்லை. இரண்டாவதையே எட்டில் வைத்து எட்டு ட்ராக்கையும் அனுப்பினேன், அம்மா குரலோடு.