சட்டையோடு ஒரு விருந்து

ஆகஸ்ட் 1994, செவ்வாய் இரவு.

கண் எரிகிறது, தூக்கம் வரவில்லை. ஆண்களுக்குச் சட்டை வடிவமைக்கும் பெண் என்று என்னைப் பேட்டி எடுக்க, ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து இன்று அம்பத்தூர் கம்பெனிக்கு ஒரு பெண் வந்திருந்தாள். "யாரை வேணும்னாலும் சாப்பிடக் கூப்பிடலாம்னா யாரைக் கூப்பிடுவீங்க மேடம்? என்ன சட்டை போட்டு உட்கார வைப்பீங்க?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

முகப்பேர் பஸ்ஸில் நின்றபடியே யோசித்தேன். ஒரு நடிகர், ஒரு நீதிபதி. நடிகருக்கு வெள்ளை லினன், நீதிபதிக்கு மெல்லிய நீலக்கோடு. இரண்டு காலரும் கச்சிதம்.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர், நான் தைத்துக்கொடுத்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு தட்டின் முன் உட்கார்ந்தார். "இன்னிக்கு ஒரு நாளாவது சட்டையோட சாப்பிடுங்களேன்" என்றேன்.

"இன்னா, வெளாட்றியா? ஊட்ல சட்டைய மாட்டிகினு எவனாவது துன்னுவானா?"

அதோடு என் விருந்தாளிகளும் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். நடிகரும் நீதிபதியும் பனியனோடு உட்கார்ந்து ரசம் கேட்கிறார்கள். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

நிஜமாகக் கூப்பிட முடியுமென்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவேன். மாங்காட்டில் அடுத்தவர் வயலில் உழைத்தவர். நான் தையல் படிக்கப் போகுமுன்பே கண்ணை மூடிவிட்டார். தோளில் துண்டுதான், சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. அவருக்கு ஒன்று வரையலாம் என்று இப்போது பென்சிலை எடுத்தேன். முதலில் கழுத்தளவை எழுத வேண்டும்.

அது எனக்குத் தெரியாது.