தானாக ஓடிய அடுத்த பதிவு

அன்புள்ள தாபி மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் கராயே வணக்கத்தோடு எழுதுவது. இங்கே சேப்பங்கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. எனக்கு உடம்பு சுகம்தான். வெளியே காட்ட முகம்தான் இல்லை.

தங்கை கப்பலேறி லுகன்வில் நகரத்துக்கு, உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள். நடந்ததை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அண்ணன் தங்கையிடம் இதைப் பேச நம் முறையில் எனக்கும் வழியில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் நம் ஊர்ப் பேச்சை ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டு போனாரல்லவா? அதையெல்லாம் அவர் நாட்டு ஆவணக் காப்பகம் ஒரு சின்னக் கணினிப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியது. இணையம் இல்லாமலே ஊரார் போனில் திறந்து கேட்க ஒரு பக்கம் அமைப்பது என் வேலை. கேட்பவருக்குத் தடங்கலே இருக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். ஒரு பதிவு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும்படி வைத்தேன். மானமும் தடங்கலில்லாமல் போயிற்று.

திறப்பு விழாவை மாதா கோயில் கூடத்தில் வைத்தோம். ஒலிபெருக்கி வேறு. அம்மா பாடிய தாலாட்டைக் கேட்கத்தான் தங்கை கடல் தாண்டி வந்தாள். அம்மா போனபோது அவள் கைக்குழந்தை; அந்தக் குரலே அவளுக்குத் தெரியாது. பாட்டு முடிந்தது. பெண்கள் கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்த பதிவு தொடங்கிவிட்டது. அடுப்படியில் தோழிகளோடு அம்மா. பேச்சு, பாயில் அப்பாவின் வீரம் பற்றி.

அண்ணன் தங்கை இருக்குமிடத்தில் நம்மவர்கள் பாய் என்ற சொல்லைக்கூட எடுக்க மாட்டார்கள். நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ், ஊரே சுற்றி.

"டேய், உங்கப்பன் சட்டையக் கழட்டுறதுக்குள்ள அணைச்சுத் தொலைடா!" என்று ஊர்த் தலைவர் மோலி கத்தினார். நான் பதறி அழுத்தியதில் திரையில் எழுத்துதான் பெரிதாயிற்று. அந்தத் தோழிகளில் மிஞ்சியிருக்கும் கிழவி, "அது நான்தான்! அப்ப எனக்குப் பல்லெல்லாம் இருந்துச்சு பாரு" என்று பூரித்துப்போனாள். பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார், காதை அல்ல. தங்கை முகத்தை மூடிக்கொண்டு பின்வாசலால் போனாள். அதன் பிறகுதான் எனக்கு நிறுத்த வந்தது. விடிந்ததும் அவள் கப்பலேறிவிட்டாள்.

இப்போது ஒவ்வொரு பதிவும் முடிந்த இடத்தில் நிற்கும். அந்தப் பதிவைப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஊருக்கே மொழியின் மேல் அக்கறை பிறந்திருக்கிறது. ஒவ்வொருவராய் வந்து சாவி கேட்கிறார்கள். "எதைத் தடுக்கணும்னு எனக்குத் தெரிய வேணாமாப்பா?" என்கிறார் பாதிரியார். பூட்டும்போது, இந்தப் பதிவு யார் பொறுப்பு என்று பெட்டி கேட்டது. தங்கை பெயரைப் போட்டேன். திறப்பதும் அழிப்பதும் இனி அவள் கையில்.

மாப்பிள்ளை, ஒன்று சொல்ல வேண்டும். தாலாட்டில் அம்மா பாடுகிறாள், அவ்வளவுதான். பூட்டிய பதிவில்தான் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. தங்கைக்குக் கிடைத்தது வாசலைத் தாண்டும்வரை கேட்ட அரைச் சிரிப்பு. அதையும் நான் வெட்கமாக்கிக் கொடுத்தேன். மீதியை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இதை அவளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டு பதிவையும் போனில் போடும் சின்ன அட்டையில் ஏற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாமியார் பேச்சு, நீங்களும் கேட்கலாகாது. அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுங்கள். உள்ளே இரண்டு பேர் சிரிப்பதுபோல் சத்தம் வந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.

தலைகுனிந்து,
கராயே