ஐம்பத்தெட்டு சதவீதம்

பட்டாபிராம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நான் நலம். இந்த முறை வழக்கத்துக்காக இப்படி எழுதவில்லை. டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். நீயும் கார்த்திகாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். ஜபல்பூரில் குளிர் இன்னும் குறையவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். குழந்தைக்குக் காதை மூடிக் கட்டுங்கள்.

பேத்திக்குப் பெயர் வைக்க என்னால் வர முடியாது, வீட்டில் மோட்டார் வேலை நடக்கிறது என்று போனில் சொன்னேன். பேத்தியைவிட மோட்டார் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். உன் கோபம் நியாயம். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் டிக்கெட்டை ரத்து செய்ததற்குக் காரணம் வேறு. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்த பிறகு கூப்பிடு.

நீ கிளம்பிப் போன பிறகு, நீண்ட பயணமாயிற்றே என்று அம்பத்தூருக்குப் போய் இதயத்துக்கான சோதனைகளைச் செய்துகொண்டேன். எக்கோ ரிப்போர்ட்டில், இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் அளவு ஐம்பத்தெட்டு சதவீதம் என்று போட்டிருந்தது. வால்வில் மிகச் சிறிய கசிவு என்றும் ஒரு வரி. தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுவதும் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வேலை செய்கிற, அதுவும் கசிகிற ஒரு பம்ப் என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரமாக வைத்திருப்பேன். என்னையும் அப்படித்தான் வைத்துவிட்டேன்.

சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் இருந்தது. ஆனால் டாக்டரிடம் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று போகவில்லை. பதிலாக இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கினேன். மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கியதும் பார்ப்பேன். கூடுதலாகக் காட்டும். உடனே மறுபடி பார்ப்பேன். இன்னும் கூடியிருக்கும்.

வியாழக்கிழமை பூந்தமல்லியிலிருந்து நம் தொழிற்சாலை நஜீர் வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை. ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை; ஆனால் என்னைப்போல் அதற்காகப் பயப்படவில்லை. “பரீச்சைல அம்பத்தெட்டு வாங்குனா பாஸ்தானே அண்ணாத்தே? நீ இன்னாத்துக்கு ஃபெயிலான பையன் மாதிரி ஊட்லயே குந்திகினு கீறே?” என்றான். நீ இங்கே இருந்திருந்தால் என்னை அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பாய் என்று திட்டி, ஸ்கூட்டரில் ஏற்றி ஆவடிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் நம் கார்த்திகா வயதுப் பெண். பொறுமையாக விளக்கினார். எந்த இதயமும் தன்னிடம் உள்ள இரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் தள்ளிவிடாதாம். எப்போதும் ஒரு பங்கு உள்ளேயே தங்குமாம். நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் நல்ல இதயம்தான் என்றார். அந்தக் கசிவும் பலருக்கு இருப்பதுதான், என் விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். கொழுப்பு மட்டும் கூடுதல். இரவில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். இனி ஊறுகாயும் அப்பளமும் எனக்கு வேண்டாம். இதை நீ சந்தோஷமாகப் படிப்பாய்.

பிறகு, வீட்டில் அழுத்தம் எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். “மாடி ஏறி இறங்கின உடனே பார்த்தா யாருக்குமே அப்படித்தான் காட்டும் சார். முதல்ல கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு எந்த உதிரியையும் அளக்கக் கூடாது, ஆறவைத்துக் கொண்டுவா என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னை மட்டும் சுடச்சுட அளந்திருக்கிறேன். அங்கே சாய்ந்து உட்காரவைத்து, பேசவிடாமல், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தார். லேசாகத்தான் கூடுதல். அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னார். ரயிலில் போகலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் தாராளமாகப் போங்கள் என்றார்.

நஜீர் கீழ் பெர்த்தாகப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். பெயர் வைப்பதற்கு முந்தின நாள் வந்துவிடுவேன். இந்தக் கடிதத்தையும் அவனே படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். கார்த்திகாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே. வந்ததும் நானே சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்பதுதான் என் பயமெல்லாம். ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை. அதனால் பேத்தியை என்னிடம் தரும்போது என்னைக் கட்டிலில் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டுத் தா. தந்ததும் எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே இரு. கொஞ்ச நேரம் கழித்து, போதும், நீ போய் உன் வேலையைப் பார் என்று நானே சொல்வேன். அப்போது போ.

குழந்தைக்கு என் ஆசிகள்.

உன்,
பரந்தாமன்