ஜீப்பில் உட்கார மறுக்கும் அதிகாரி

அனுப்புநர்:
கயிற்றுக் கிடங்குக் காப்பாளர்,
கடற்படைக் கப்பல் பழுதுபார்ப்புத் தளம்.

பெறுநர்:
மாண்புமிகு கடற்படைத் தளபதி அவர்கள்,
கடற்படைத் தலைமையகம்.

பொருள்: இம்மாதம் 31-ஆம் தேதி ஓய்வுபெறும் எங்கள் தளத்தின் தலைவர், ரியர் அட்மிரல் அவர்கள், வழியனுப்பு மரியாதையை ஏற்க மறுப்பது – அவர் மீது புகார் – தக்க உத்தரவு வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். முறைப்படி இம்மனு என் மேலதிகாரி மூலமாகவே தங்களுக்கு வந்திருக்க வேண்டும். புகாரே அந்த மேலதிகாரி மீதுதான் என்பதாலும், அவர் கையில் கொடுத்தால் மேசை இழுப்பறையிலேயே அடங்கிப் போகும் என்பதாலும், நேராகத் தங்களுக்கு எழுதத் துணிந்தேன். பொறுத்தருள வேண்டும்.

2. ஓய்வுபெறும் தலைவரைத் திறந்த ஜீப்பில் உட்கார வைத்து, எஞ்சினைக் கிளப்பாமல், அதிகாரிகள் இரண்டு கயிறு கட்டி வாசல்வரை இழுத்துச் செல்வது நம் படையின் வழக்கம் என்பது தாங்கள் அறியாததல்ல. அதற்கான கோப்பு சென்ற வாரம் அவரிடம் போனது. "தேவையில்லை. அன்றும் வேலை நடக்கட்டும்" என்று பச்சை மையில் எழுதித் திருப்பிவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். "ரெண்டு காலும் நல்லாத்தான்யா இருக்கு, நடந்தே போயிடுறேன். நீ போய் வேலையைப் பாரு" என்றார். அதற்குள் நான் நாற்பது மீட்டர் வெள்ளைக் கயிறு இரண்டைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அனுமதி வாங்காமல் அரசுக் கயிற்றைத் துவைத்தது என் தவறு. விளக்கம் கேட்டால் தனியாக எழுதித் தருகிறேன்.

3. அவரைக் குறைசொல்ல எனக்கு விஷயம் இல்லாமல் இல்லை. கோபக்காரர். சுருள் சீராக இல்லை என்று ஒரே கயிற்றை மூன்று தடவை என்னைச் சுற்ற வைத்தவர். படகானாலும் பஸ்ஸானாலும் ஆளை எண்ணாமல் கிளம்ப விட மாட்டார். அதனால் தளத்தில் அவருக்குத் 'தலைக்கணக்கு' என்று பட்டப்பெயர். என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகக் கூடாதா? மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் ஏறி ஆள் எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று வண்டியை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

4. ஆனால் இதையும் தாங்கள் அறிய வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நடுப்பகலில், நாங்கள் இருந்த கப்பலின் எஞ்சின் அறை தீப்பிடித்தது. நான் அங்கே ஃபிட்டர். இவர் எஞ்சின் பிரிவு அதிகாரி. அப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரையும் வெளியேற்றி, கதவுகளை அடைத்து, தீயணைப்பு வாயுவைத் திறந்துவிட வேண்டும். தீ அணையும், உள்ளே ஆள் இருந்தால் அந்த ஆளும் முடிந்தார். கேப்டன் திறக்கச் சொல்லிவிட்டார். இவர் எண்ணிப் பார்த்தார். பதினேழு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பதினாறு பேர். "ஒரு ஆள் குறையுது சார், திறக்க மாட்டேன்" என்று சொல்லி, வாயுப் பெட்டியின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூச்சுக் கவசத்தோடு உள்ளே இறங்கிவிட்டார். பம்புக்குப் பின்னால் மயங்கிக் கிடந்தவன் நான். என்னை இழுத்து வந்து போட்ட பிறகுதான் கதவை அடைத்தார், வாயுவைத் திறந்தார். கப்பலும் தப்பியது. அந்த ஆறு நிமிடத் தாமதத்துக்காக, உத்தரவை மீறினார் என்று அவருக்கு எழுத்து மூலம் கண்டனம் கொடுத்தார்கள். பணிப் பதிவேட்டில் அது இன்றும் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தவரிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "எண்ணிக்கை சரியாயிடுச்சுய்யா, அவ்வளவுதான்" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது ஐயா.

5. கடைசி முயற்சியாக அவர் துணைவியாரிடம் முறையிட்டேன். "பொறந்த நாளுக்கே இவரை ஒரு இடத்துல உட்கார வைக்க முடியல, நீங்க வேற அண்ணே" என்று சிரித்தார். பிறகு காபி டம்ளரை என் முன் வைத்துவிட்டு, "ஒவ்வொரு தடவை கப்பல் கிளம்பும்போதும் கரையில நின்னு கையசைச்சிருக்கேன். இவருக்காக நாலு பேர் நிக்கறதை ஒரே ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்" என்றார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

6. ஆகவே, ஜீப்பில் உட்காரும்படி அவருக்குத் தாங்கள் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். வேண்டுகோளாக அனுப்பினால் பச்சை மையோடு திரும்பி வரும். மேலும், கயிறு பிடிப்பது அதிகாரிகள் மட்டுமே என்பதைச் சற்றுத் தளர்த்தி, இரண்டாவது கயிற்றை எஞ்சின் அறையினரும் சமையற்காரர்களும் சலவைக்காரர்களும் பிடிக்க அனுமதிக்க வேண்டும். அதில் முதல் பிடி எனக்கு வேண்டும்; இதை மட்டும் நான் வெட்கமில்லாமல் கேட்கிறேன்.

7. உத்தரவையும் மீறிவிடுவாரோ என்று தாங்கள் தயங்க வேண்டாம். முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் மீறியது அந்த ஒரே ஒரு முறைதான். அப்போது உள்ளே ஒரு ஆள் இருந்தான். 31-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பிறகு அவருக்கு உத்தரவிடத் தங்களாலும் இயலாது. அதற்குள் உத்தரவு வந்து சேர ஆவன செய்யுமாறு, அவர் எண்ணியபோது குறைந்த அந்த ஒரு ஆளாகிய நான் தங்களை வேண்டிக்கொள்கிறேன்.

இணைப்பு: இருநூற்றுப் பதினொரு பேரின் கையொப்பம்.

இடம்: கயிற்றுக் கிடங்கு
தேதி: இம்மாதம் 22

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கிடங்குக் காப்பாளர்