வேற்றுக்கிரக ராணிக்கு நெற்றிச் சின்னம்

நவம்பர் 14, வெள்ளி

காலையிலிருந்து மழை. கிள்ளான் ஊர் முழுக்க ஈரத்துணி வாசம். வேலை ஒன்றும் இல்லை. அதாவது, வழக்கம்போல.

சாயங்காலம் வசந்தி ஆபீசிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "ஏங்க, நெத்தியில ஒட்டிக்கிற மாதிரி எனக்கு ஒரு சின்னம் செஞ்சு குடுங்க."

அடுத்த வெள்ளி அவள் கம்பெனியின் வருடாந்திர விருந்து. இந்த வருடம் எல்லோரும் விண்வெளி வேடத்தில் வரவேண்டுமாம். கணக்குப் பிரிவுப் பெண்கள் எல்லாம் வேற்றுக்கிரகவாசிகள். இவள் உயரம் என்பதால் இவள்தான் ராணி.

"பொட்டு வெச்சிட்டுப் போ."

"பொட்டு வெச்சா அக்கவுண்ட்ஸ் வசந்தி லா. ராணி எங்க?"

நியாயம்தான். ஆனாலும் இத்தனை வருடம் கன்வேயர் பெல்ட்டும் கம்ப்ரசரும் பழுது பார்த்த ஆள் நான். ஃபேக்டரியை மூடி நாலு மாதம் ஆகிறது. அதற்குள் நெற்றிச் சின்னம் செய்கிறவனாகிவிட்டேனா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

டிவி செய்தி முடிவதற்குள் காகிதத்தில் மூன்று வரைபடம். சும்மாதான்.

நவம்பர் 15, சனி

வெயில். துணி காய்ந்தது.

முதல் சின்னம், அலுமினியத் தகடு. முட்டை வடிவம், மேலே மூன்று முனை. பார்க்க அழகு. வசந்தி நெற்றியில் வைத்துப் பார்த்தபோது ஒரு முனை புருவத்தைக் கீறிவிட்டது. "ராணிய கொல்லப் பாக்குறீங்களா?" புருவத்துக்கு பிளாஸ்டர்.

லேசாக வேண்டும். வளைய வேண்டும். பாசார் சந்தைக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர் வாங்கினேன். அடிப்பாகம் சரியான கனம். வெட்டி, ஹேர் டிரையரில் சூடு காட்டி, சட்டி மேல் அழுத்தினால் நெற்றி வளைவு அப்படியே வருகிறது. தங்க நிற ஸ்ப்ரே அடித்தபின் செருப்பு என்று கடவுள்கூடக் கண்டுபிடிக்க மாட்டார்.

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். கடைசியாக எப்போது அப்படி மறந்தேன், தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

வசந்தி கையில் ஒற்றைச் சிலிப்பர். "இதோட ஜோடி எங்க?"

அவள் மேசையிலிருந்த தங்கச் சின்னத்தைப் பார்த்தாள். சிலிப்பரைப் பார்த்தாள். மறுபடி சின்னத்தை.

"என் நெத்தியிலயா?"

"புதுசு லா. கால் படவே இல்ல."

"செருப்பு செருப்புதாங்க!"

மதியம் மீன்குழம்பில் உப்பு இல்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

கடைசியில் அவளுடைய யோகா பாயில் ஒரு மூலை வெட்டித் தரச் சொன்னேன். "அது என் யோகா பாய்" என்றாள். "ஒரு நாளாச்சும் விரிச்சிருக்கியா?" என்றேன். மூலை கிடைத்தது.

நவம்பர் 18, செவ்வாய்

யோகா பாய்ச் சின்னம் தயார். செருப்பைவிட நன்றாகவே வந்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

பிரச்சினை: நிற்க மாட்டேன் என்கிறது. இரட்டைப் பக்க டேப் ஒட்டினால் வியர்வையில் மூக்குவரை இறங்கிவிடுகிறது. ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு. பரதநாட்டிய நகை விற்கும் கடை. கடைப் பெண் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினாள்.

"அங்கிள், இது நாடகத்துல மீசை ஒட்டுற பசை. செமயா நிக்கும். கழட்டுறதுக்கு இந்தத் தண்ணி. இது தனி பாட்டில்."

இன்னொரு பாட்டில் தள்ளிவிடப் பார்க்கிறாள். நாம் பார்க்காத வியாபாரமா? பசை மட்டும் வாங்கினேன்.

"டான்ஸ் யாருக்கு அங்கிள், மகளுக்கா?"

"மனைவிக்கு. வேற கிரகம்."

அவள் மீதிச் சில்லறையை எண்ண ஆரம்பித்தாள்.

நவம்பர் 19, புதன்

காலையில் பசைச் சோதனை. எடுத்தவுடன் வசந்தி தோலில் வைப்பது தப்பு. எனவே செருப்புச் சின்னம், என் நெற்றி. வியர்க்க வேண்டுமே என்று அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். துளி அசைவில்லை. பிரமாதம். எதிர்வீட்டு அங்கிள் படியில் நிறுத்தினார்.

"என்னா தம்பி, விரதமா?"

"ஆமா அங்கிள்."

மதியம் போன். காப்பாரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. போன மாதம் விண்ணப்பித்து, நானே மறந்துபோன இடம். பராமரிப்பு சூப்பர்வைசர் வேலை. நாளைக் காலை இன்டர்வியூ. "ஓகே, கேன், வந்துடுறேன்" என்றேன். போனை வைத்தபின்தான் கண்ணாடி பார்த்தேன்.

இழுத்தேன், தோலும் சேர்ந்து வந்தது. சோப்பு. வெந்நீர். எலுமிச்சை. அந்த இன்னொரு பாட்டிலை நினைத்துக்கொண்டேன்.

வசந்தி வந்து பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நாலு மாதமாக வீட்டில் கேட்காத சத்தம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு என் தலையை மடியில் வைத்து, தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஓரம் ஓரமாக எடுத்தாள். வந்துவிட்டது. ஆனால் நெற்றியில் சிவப்பாக அச்சு. முட்டை, மேலே மூன்று முனை.

"காலையில போயிரும்" என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

போகவில்லை.

வசந்தியின் பவுடர் போட்டதில் சிவப்பு ஊதாவானது. மோட்டாரில் காப்பார். ஹெல்மெட்டைக் கழற்றவே மனமில்லை.

அறையில் இரண்டு பேர். ஆள் சேர்க்கும் பிரிவு மலாய் அம்மா புவான் ரோசிதா, சீன மேலாளர் ஒருவர். இருவரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். உடனே மேசையைப் பார்த்தார்கள். கம்ப்ரசர் கேள்விக்கு எல்லாம் பதில் சரி. பெல்ட் அறுந்தால் முதலில் என்ன செய்வாய், அதுவும் சரி. கடைசியில் புவான் ரோசிதா மிக மென்மையாக மலாயில் ஆரம்பித்தார்.

"எங்க ஃபேக்டரியில எல்லா மதத்தையும் மதிக்கிறோம். பூஜைக்கு லீவு வேணும்னா முன்கூட்டியே சொல்லுங்க, போதும்."

மேலாளர், "சேஃப்டி ஹெல்மெட் கட்டாயம். நெத்தி அடையாளத்துல அது படலாமா? தப்பில்லையா?"

"தப்பில்ல பாஸ்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வேலைக்காகப் புது மதமே ஆரம்பித்துவிட்டு வந்திருக்கிறேன். வசந்தியிடம் "நல்லா போச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

தூறல். விருந்து நாள்.

வெள்ளி நிற அங்கி, தோளில் ஜரிகைத் துணி, கண்ணுக்கு நீல மை. உண்மையில் ராணி மாதிரிதான் இருந்தாள். பசை தடவி, யோகா பாய்ச் சின்னத்தை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். காயும்வரை விடக்கூடாது.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"எடுங்க."

"கையெடுத்தா விழுந்துடும்."

அவளே என் பையிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மலாயில் பேசினாள். "அவரு இப்ப பேச முடியாது. என் நெத்தியில கை வெச்சிட்டு இருக்காரு."

புவான் ரோசிதா பதறிப்போனார். "ஓ, பிரார்த்தனையா? சாரி, சாரி! அப்புறமா கூப்பிடுறேன்."

என்ன பிரார்த்தனை என்று வசந்தி கண்ணாலேயே கேட்டாள். இப்போது விட்டால் ரிட்டயர் ஆகும்வரை பூஜை லீவு எடுக்க வேண்டும்.

"புவான், வைக்காதீங்க! பிரார்த்தனை இல்ல. மனைவி ஆபீஸ்ல விருந்து. வேற கிரகத்து ராணி வேஷம். பசை காயுது."

புவான் ரோசிதா இழுத்தார்.

"அப்போ நேத்து உங்க நெத்தியில?"

"அதுவும் பசைதான், புவான். என்மேல டெஸ்ட் பண்ணேன். மதம் இல்ல. நேத்தே சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க."

போனை மூடிக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு மேலாளரின் குரல், சிரிப்பில் மூச்சு வாங்க. "ஐயோ, நேத்து பூரா இன்டர்நெட்ல தேடினேன் லா! எந்த சாமின்னே கிடைக்கல!"

புவான் ரோசிதா தொண்டையைச் செருமினார். செருமலிலும் சிரிப்பு. "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. பூட்ஸ் நாங்களே தருவோம்."

போன் அணைந்தது. என் கட்டைவிரல்கள் அங்கேயே. வசந்தியின் கண்ணில் நீல மை கரைய ஆரம்பித்தது.

"அழாத வசந்தி. ஓரம் கிளம்பிடும்."

கிளம்பிவிட்டது. மறுபடி பசை. மறுபடி கட்டைவிரல். விருந்துக்குத் தாமதம்.