ஹீட்டர் விஷயமாக

அன்புத் தம்பிக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். வீட்டு வெந்நீர் ஹீட்டர் போய்விட்டது. பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உள் டேங்கே துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சுக்கா. இனிமே ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது, புதுசுதான் மாட்டணும்" என்றார். கூலியோடு சேர்த்து அவர் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளம். தவணையில் தரட்டுமா என்று கேட்டேன். ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரமாகத் தண்ணீரை அடுப்பில் சுடவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்கு எல்லாம் படுக்கையிலேயே போய்விடுவதால் ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவ வேண்டியிருக்கிறது. அப்படித் தூக்கும்போது என் காலில் வெந்நீர் கொட்டியதில் பெரிய புண் ஒன்றுமில்லை. தையல் மெஷினை மிதிக்கத்தான் முடியவில்லை, அதனால் கடைக்குப் போகவில்லை.

நேற்று கேஸும் தீர்ந்துவிட்டது. இன்று காலை பச்சைத் தண்ணீரையே ஊற்றினேன். அம்மா உடம்பெல்லாம் நடுங்க என் கையைப் பிடித்துத் தள்ளினாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அடித்துவிட்டேன். கன்னத்தில்.

அவள் அழவில்லை. "குளிரலடி, நீ ஊத்து" என்றாள்.

தம்பி, வீடு யாருக்கு என்று நாம் போட்ட சண்டையில் நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பணம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, நீ வா. என் கைக்கும் அம்மாவுக்கும் நடுவில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

உன் அக்கா